இன்னொரு சுற்று

சின்னவளின் வகிடு இடம் மாறியிருந்தது.

வாசிக்க ஆரம்பிக்கும்போது அது இடப்பக்கம் இருந்தது. பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்ற தங்கையின் தலையில், சாயங்கால வெயில் அந்தக் கோட்டின் வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது வாசித்து முடித்து, வயலினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவளின் வகிடு வலப்பக்கம் இருந்தது. முடி கலையவில்லை. கையால் ஒதுக்கிக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கமே படிந்து வளர்ந்த முடி மாதிரி, சீப்பின் பல் பதிந்த வரிகளோடு அடக்கமாகச் சரிந்து கிடந்தது.

"என்னக்கா அப்படிப் பாக்குறே?"

"ஒண்ணுமில்ல. வகிடு..."

"வகிடுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவது அவளுக்குக் கொஞ்ச காலமாகப் பழகிப்போயிருந்தது. அக்கா பியானோ, தங்கை வயலின். சிறுமிகளாக இருந்தபோதே ஜோடியாக மேடையேறியவர்கள். வீட்டில் கூப்பிட்ட பெரியவள், சின்னவள் என்பதே வெளியிலும் நிலைத்துவிட்டது. போன வருஷம், நிறைந்த அரங்கில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த கச்சேரியின் நடுவில், பெரியவளின் விரல்கள் நின்றுவிட்டன. மறதி இல்லை, வலி இல்லை. நின்றுவிட்டன, அவ்வளவுதான். சின்னவள் தனியாகக் கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்த்தாள். பிறகு வில்லைத் தாழ்த்தி, அக்காவின் முழங்கையைப் பிடித்து, வகுப்பில் வயிற்றுவலி வந்த பிள்ளையைக் கூட்டிப் போகிற மாதிரி மேடையை விட்டுக் கூட்டிப் போனாள். அந்த நடையை யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். அது எங்கெங்கோ சுற்றியது. சொந்தக்காரர்கள் அதற்கப்புறம் பெரியவளிடம் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, மெதுவாகப் பேசினார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டால், சோற்றைக் கேட்கிறார்களா மாத்திரையைக் கேட்கிறார்களா என்று அவளுக்கு உடம்பு கூசியது.

அப்படிப்பட்டவள் போய், தங்கையின் வகிடு தானாக நகர்ந்துவிட்டது என்று யாரிடம் சொல்வாள்?

இந்தப் புது இசையைத் தேடிக் கொண்டுவந்தது சின்னவள்தான். வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதப்பட்டு, இன்னும் எந்த மேடையும் ஏறாதது. ஷக்கோன் என்கிற பழைய ஐரோப்பிய இசை வடிவத்தை எடுத்துக்கொண்டு செய்தது. எழுதியவரே ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைத் தொடாமலே பேசினார்.

"ஒரு காலத்துல இதை ஆட்டத்துக்கு வாசிச்சாங்க. இடக்கையில ஒரு சின்ன வரி. மேலேயிருந்து கீழே இறங்கும். முடிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து. அதே வரி, அதே நடை. தரை மாதிரின்னு வச்சுக்குங்க. தரை மாறக்கூடாது. மேலே ஆடுறவங்கதான் சுத்துக்குச் சுத்து மாறுவாங்க."

"எத்தனை சுத்து?" என்று கேட்டாள் பெரியவள்.

"அதை நான் எழுதல. பியானோ வாசிக்கிறவங்க போதும்னு நினைக்கும்போது கையை எடுத்துடலாம். வயலின் தானா நிறுத்த முடியாது. கீழே வரி ஓடுற வரைக்கும் அது மேலே ஓடித்தான் ஆகணும்." அவர் தங்கையைப் பார்க்கவில்லை. பெரியவளையே பார்த்தார். "நிறுத்துறதுதான் இதுல கஷ்டமே."

அவர் போனபிறகு சின்னவள் அக்காவின் தோளில் கை போட்டுக்கொண்டாள். "உனக்கு இது சவுகரியமா இருக்கும்க்கா. ஒரே வரிதானே. வழி தவற இடமே இல்ல."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. கீழே விழுந்துவிடாமல் இருக்கக் குழந்தைக்கு நடைவண்டி வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது பெரியவளுக்கு. சிரித்துவைத்தாள்.

வகிட்டுக்கு அடுத்து, கழுத்து.

வயலின் வாசிப்பவர்களுக்கு இடத் தாடைக்குக் கீழே ஒரு கருத்த தழும்பு விழும். கட்டை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம். சின்னவள் கல்யாணத்தன்று பவுடர் போட்டு மறைத்தும் மறையாமல், மாப்பிள்ளை வீட்டார் கேலி செய்த தழும்பு. அடுத்த பயிற்சி முடிந்து அவள் தண்ணீர் குடிக்க அண்ணாந்தபோது, அது வலத் தாடைக்குக் கீழே இருந்தது. வயலின் ஒருநாளும் தொடாத பக்கம். இடப்பக்கம் தோல் குழந்தைத் தோல் மாதிரி வழுவழுவென்று இருந்தது. தண்ணீர் இறங்கும்போது அந்தத் தழும்பும் மேலும் கீழும் அசைந்ததைப் பார்த்துக்கொண்டே பெரியவள் தன் இடக்கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பியானோவின் பழைய மரவாசனையோடு, வில்லுக்குத் தேய்க்கிற பிசினின் வாசனையும் அறையில் தேங்கிக் கிடந்தது. அந்த வாசனைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, பூட்டியே கிடந்த அலமாரியைத் திறந்ததும் வருகிற மாதிரி.

"இன்னிக்கு நான் கொஞ்சம் முந்திட்டேன்ல?" என்றாள் பெரியவள், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"முந்தவே இல்லக்கா. நீ எப்படி வாசிச்சாலும் சரியாத்தான் இருக்கு."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் அப்படிப் பேசுகிற பிறவியே இல்லை. ஒரு மயிரிழை முந்தினாலும் வில்லால் இசைத்தாள் வைக்கிற தாங்கியைத் தட்டுவாள். "அக்கா, பஸ்ஸுக்கா போறே?" என்பாள். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுப் பெரியவளின் காது காய்த்திருந்தது. இப்போது அந்த முகத்தில் கேலி இல்லை. கண்கள் அகன்று, ஈரமாக, எஜமானியைப் பார்க்கிற வேலைக்காரியுடையவை போலப் பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

பயம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே, யாரும் பார்க்காத நேரத்தில் சமையலறைக்குள் நுழைகிற பூனை மாதிரி, ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. பெரியவள் அதை விரட்டவில்லை.

எந்த நொடியில் மாறுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு மத்தியானம் கண்ணைத் தாளில் வைக்காமல் தங்கைமேலேயே வைத்து வாசித்தாள். தாள் அவளுக்குத் தேவையும் இல்லை. அந்த வரி விரலில் ஊறிவிட்டது. பல் தேய்க்கும்போதும், படுக்கையில் புரளும்போதும் இடக்கை அதையே தட்டிக்கொண்டிருந்தது. வரி மெதுவாக இறங்கியது. ஒரு படி, இன்னொரு படி, ஆழத்தில் கடைசி ஸ்வரம். அந்த ஸ்வரம் ஓயும் இடத்துக்கும் மறுபடி மேலே முதல் ஸ்வரம் எழும் இடத்துக்கும் நடுவில், மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் சின்னவள் இல்லை. ஜன்னல் இருந்தது, திரை இருந்தது, வெயில் தரைவரை தடையில்லாமல் விழுந்தது. முதல் ஸ்வரம் எழுந்தது. சின்னவள் இருந்தாள். காது மடல் கொஞ்சம் பெரிதாக.

பெரியவளின் கை நிற்கவில்லை. நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

சின்னவளின் மகளுக்கு அப்போதுதான் பால் பற்கள் விழ ஆரம்பித்திருந்தன. பயிற்சி நாட்களில் அவளும் கூட வந்து, உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருப்பாள். அன்றைக்குக் கிளம்பும் நேரத்தில் செருப்பை மாட்டாமல் பெரியவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பெரியம்மா, நான் இங்கேயே இருக்கட்டுமா?"

"ஏன்டா கண்ணு? நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல?"

குழந்தை வாசல் பக்கம் பார்த்தது. அங்கே சின்னவள் வயலின் பெட்டியோடு சிரித்தபடி நின்றாள். அவசரப்படுத்தவில்லை. அந்தச் சிரிப்பு ஆரம்பித்த இடத்திலேயே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குழந்தை, குனிந்த பெரியம்மாவின் காதுக்கு எட்டி, வாயோரம் கையை வைத்துக்கொண்டு சொன்னது: "அது அம்மா இல்ல. உங்களுக்கும் தெரியும்ல?"

பெரியவளுக்கு முகமெல்லாம் சூடு ஏறியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அந்தப் பிஞ்சுக்கு உலகத்தில் ஒரு துணை கிடைத்திருக்கும். ஆனால் நாளைக்கு இது அப்பாவிடம் போய், பெரியம்மாவும் சொன்னாங்க என்று சொல்லும். பிறகு மறுபடி டாக்டர், மறுபடி அந்தப் பிரித்துப் பிரித்துப் பேசும் பேச்சு. குழந்தையைக்கூட இனி அனுப்பமாட்டார்கள்.

"என்ன பேச்சு இது?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "பொய் சொன்னா பெரியம்மாவுக்குப் பிடிக்காது. போ. அம்மா கையைப் பிடிச்சுக்கோ."

குழந்தை அழவில்லை. கட்டியிருந்த கையை எடுத்துக்கொண்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போய், நீட்டியிருந்த அந்தக் கையில் தன் கையை வைத்தது. படி இறங்கும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தது. பெரியவள் கதவைச் சாத்திவிட்டாள்.

சாத்திய கதவில் சாய்ந்துகொண்டு நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கூடத்தை ஒட்டி ஒரு சாமான் அறை. பழைய மின்விசிறி, உடைந்த நாற்காலி, காலிப் பெட்டிகள் என்று வேண்டாததைப் போட்டு வைத்திருந்த இடம். உள்ளேயிருந்து ஒரு தந்தியை மெதுவாக முறுக்கிச் சுருதி சேர்க்கிற மாதிரி ஒரு முனகல். ஏறி, ஏறி, சேராமல் வழுக்கி இறங்கியது. பிறகு துணி உரசுகிற சத்தம். ஒருவர் மட்டும் இருக்கிற சத்தமாக இல்லை. கூட்டமான பஸ்ஸில் ஒருவருக்கொருவர் இடம் விட்டு ஒதுங்கி நிற்பார்களே, அப்படி. கதவின் அடி இடுக்கில் நிழல்கள் அசைந்தன.

"அக்கா."

தொண்டை கட்டிய குரல்.

"அக்கா, பஸ்ஸுக்கா போறே?"

பெரியவள் போய் டி.வி.யைப் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். சோபாவில் உட்கார்ந்து, ஏதோ துணி சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு, காதைப் பொத்தாமல் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை அப்படியே இருந்தாள். சத்தத்தைக் குறைத்தபோது சாமான் அறையில் ஒன்றும் இல்லை. திறந்து பார்த்தாளா என்றால், இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறமும் திறக்கவில்லை.

அந்தப் புது இசை மேடையேறும் கச்சேரியன்று காலை தங்கை வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். எப்படியாவது சொல்லிவிடுவது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள்.

"மாப்பிள்ளை, அவ... அவ வீட்டுல எப்படி இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்காக்கா. முன்னைக்கு இப்ப எவ்வளவோ பரவாயில்ல. கோபமே வர்றதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அந்த மெதுவான குரல் வந்தது. "ஏன்க்கா? நீங்க... மாத்திரையெல்லாம்... சரியா... எடுத்துக்குறீங்களா?"

"எடுத்துக்குறேன் மாப்பிள்ளை."

"பயப்படாம வாசிங்க. நாங்க முன்வரிசையிலதான் இருப்போம்."

போன வருஷத்து அதே அரங்கம். வெளியே பட்டப்பகல், உள்ளே கதவுகளைச் சாத்தியதும் வெல்வெட் நாற்காலிகளின் தூசி வாசனையும், ஏ.சி.யின் ஈரக் குளிரும், நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமி அடங்குகிற சத்தமும். பெரியவள் நடந்து வந்தபோது கைதட்டல் தேவைக்கு அதிகமாக நீண்டது. பரிதாபத்தில் தட்டுகிற கைகளுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. அவளுக்கு அது தெரியும். முன்வரிசையில் மாப்பிள்ளை கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பக்கத்தில் குழந்தை கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தது.

இடக்கை வரியைத் தொடங்கியது.

சின்னவள் வில்லை வைத்தாள். அப்படியொரு நாதம் அவளிடமிருந்து பெரியவள் கேட்டதே இல்லை. தேனை விளக்கு வெளிச்சத்தில் ஊற்றுகிற மாதிரி இறங்கியது. அரங்கம் மூச்சை இழுத்துப் பிடித்தது. வரி இறங்கி, ஓய்ந்து, எழுந்தது. சின்னவளின் மூக்கு மாறியது. வரி இறங்கியது, எழுந்தது. விரல்கள் நீண்டன. இறங்கியது, எழுந்தது. கண்கள் கொஞ்சம் தள்ளிப் போயின. யாரும் அசையவில்லை. யாரும் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும், அழகாகத்தான் இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். பெரியவளின் வலக்கைக்கு இசையில் வேலையே குறைவு. அது மடியில் கிடந்தது. இடக்கை நிற்கவில்லை. ஒருமுறைகூடத் தவறவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக அவள் வாசித்ததில்லை. அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே தன்னைப் பார்க்கக் கூசியது.

அப்போதுதான் மேடையோரத் திரை அசைந்தது.

கறுப்புத் திரையின் இடுக்கில் ஒரு கை. திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி. கசங்கிய உடுப்பு. காய்ந்த உதடு. பல நாளாக நின்றே இருந்தவளின் வீங்கிய பாதங்கள். அவளைப் பெரியவள் இந்த உலகத்தில் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். அவள் பிறந்த அன்றைக்கு முதலில் மடியில் வாங்கி வைத்துக்கொண்ட முகம்.

சின்னவள்.

அவள் வாய் அசைந்தது. சத்தமில்லை.

*போதும்க்கா. கையை எடு.*

வரி ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஸ்வரம். கையை எடுத்தால் போதும். எடுத்தால் சத்தம் அறுந்துபோகும். மறுபடி அந்த நிசப்தம். மறுபடி அந்தத் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். மறுபடி செல்போன்கள் எழும். பாவம், மறுபடியும் நின்னுட்டாங்க. முழங்கையில் ஒரு கை. அந்த நடை.

இந்தச் சுற்று முடியட்டும்.

முதல் ஸ்வரம் எழுந்தது.

திரையருகே நின்றவளுக்குப் புருவங்கள் இல்லை.

முன்வரிசையில் குழந்தை கண்ணைத் திறந்திருந்தது. மேடையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தது. எழுந்தே விட்டது.

"அம்மா!"

நாலைந்து தலைகள் திரும்பின. மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துபோயிற்று. குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். உதட்டில் விரலை வைத்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் அசடு வழியச் சிரித்தார். பிறகு குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய விரல்களுக்கு மேலே இரண்டு கண்கள். அவை இப்போது திரையைப் பார்க்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்தன.

வரி இறங்கியது.

இதோ. இந்தச் சுற்றோடு.

எழுந்தது.

உதடுகள் இல்லை.

இன்னொன்று. இதோடு சரி.

எழுந்தது.

மேடை நடுவில் நின்றது வில்லை வளைத்து இழுத்தபடி பெரியவள் பக்கம் திரும்பி, நிறைந்த அன்போடு தலையசைத்தது. அடுத்த சுற்றுக்கு. பெரியவளும் தலையசைத்தாள். கண்ணீர் பியானோக் கட்டைகளில் விழுந்தது. அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். உருகிப்போய்.

திரையருகே நின்றவள் போகவில்லை. மேடைக்குள் பாய்ந்து தடுக்கவும் இல்லை. திரையைப் பிடித்த கையைத் தாழ்த்தி, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, தாமதமாக வந்தவர்கள் வாசிப்புக்கு நடுவே நுழையாமல் ஓரமாக நிற்பார்களே, அதே மரியாதையோடு, முடிவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். முகம் இருந்த இடம் வழுவழுவென்று, ஒரு கோடுகூட இல்லாமல், பியானோவின் பக்கமே திரும்பியிருந்தது.